மகாவலி இறக்கிய மண்ணில் ஒரு மலைப்பூ

(கிளிவெட்டியில் வீட்டுத்தோட்டம் செய்வோர் கூடிய ஒரு பின்னேரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வந்ததில் இருந்து எல்லாருடைய கண்ணும் மேசையில் இருக்கும் இந்தச் சாடியில்தான். முன்னால் இருக்கும் அம்மா ஒருவர் எழுந்து வந்து பூவைத் தொட்டே பார்த்துவிட்டார். நீல நிறம், ஒரு சின்னக் கோவா அளவு உருண்டை. இதுதான் ஹைட்ரேஞ்சியா. முந்தநாள் நுவரெலியாவில் பஸ் ஏறியது. கண்டி, ஹபரணை, கந்தளாய் என்று இறங்கி இறங்கி, நேற்றுக் காலமை இங்கே வந்து சேர்ந்தது. இலைகளைப் பாருங்கள். ஏற்கெனவே தலையைத் தொங்கப்போட்டுவிட்டது.

இந்தப் பூவைப் பற்றிப் பேசச் சொல்லி நீங்கள் கேட்டதற்குக் காரணம் எனக்குத் தெரியும். லண்டனில் இருக்கும் மகள் வீட்டு வாசலில் நின்று படம் எடுத்து அனுப்புகிறாள். பின்னால் இடுப்பளவு உயரத்துக்கு இந்தச் செடி, நிறையப் பூ. கனடாவில் இருக்கும் தம்பி அனுப்புகிறான். அங்கேயும் இதே பூ. நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனால் பங்களா வாசல், பூங்கா, ஸ்டேஷன் என்று எங்கே திரும்பினாலும் இதுதான். சந்தைக்கு வரும் பூக்கன்று லொறியிலும் இப்போது ஒன்றிரண்டு வருகிறது. விலையும் கொஞ்சமல்ல. வாங்கி வந்து கிணற்றடியில் நடுகிறோம். ஒரு மாதத்தில் பூ கருகுகிறது. மூன்று மாதத்தில் இலை மஞ்சளாகிறது. கச்சான் காற்று வீசத் தொடங்கினால் செடியே இல்லை. பிறகு, "எனக்குக் கைராசி இல்லை" என்று நம்மையே நொந்துகொள்கிறோம்.

கைராசிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இந்தச் செடி மண்ணிடமும் தண்ணீரிடமும் குளிரிடமும் சிலதைக் கேட்கிறது. அவற்றில் எதை நம்மால் கொடுக்க முடியும், எதைக் கொடுக்கவே முடியாது என்பதைத்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன்.

நான் இந்த ஊர்ப் பிள்ளை. உத்தியோகம் என்னை நுவரெலியாப் பக்கம் கொண்டுபோய் விட்டது. அங்கே ஒரு தோட்டப் பாடசாலையில் சில வருடம் விஞ்ஞானம் படிப்பித்தேன். நான் வாடகைக்கு இருந்த வீட்டு வேலியோரம் முழுக்க ஹைட்ரேஞ்சியா. கொழுந்து எடுத்துவிட்டு அந்த வழியால் போகும் ஒரு அக்கா, நான் பூவை விளக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், நீங்க காட்டுறது பூ இல்லீங்க. இலைதான் அப்படி நெறம் மாறி நிக்குது. பூ உள்ளுக்க இருக்கு, விரிச்சுப் பாருங்க." விரித்துப் பார்த்தேன். அந்த அக்கா சொன்னது சரி.

நீங்களும் பாருங்கள். இதில் ஒரு காம்பை மட்டும் கிள்ளி எடுக்கிறேன். நான்கு நீல இதழ்போல விரிந்திருக்கிறதே, இது புல்லிதழ். செவ்வரத்தையில் மொட்டைப் பச்சையாகப் பொத்திப் பிடித்திருக்குமே, அதே உறுப்பு. இங்கே அது பெருத்து, நிறமேறி, பூவின் வேலையைச் செய்கிறது. நடுவில் கடுகளவு ஒரு மணி தெரிகிறது. அதுதான் உண்மையான பூ. இப்படி நூற்றுக்கணக்கில் சேர்ந்ததுதான் இந்த உருண்டை. இன்னொரு வகையில் நடுவில் சின்னச் சின்ன மணிகளும், ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை விரிந்த இதழ்களுமாகத் தட்டையாக இருக்கும். உருண்டையை விட அந்தத் தட்டை வகைதான் எனக்கு வடிவு. தேனீயும் அதைத்தான் தேடிப் போகிறது. புல்லிதழ் என்பதால்தான் இந்தப் பூ சட்டென்று கொட்டுவதில்லை. கிழமைக்கணக்கில் நின்று, மெல்லப் பச்சையாகி, கடைசியில் கடதாசிபோலக் காய்ந்து செடியிலேயே நிற்கும்.

இதன் சொந்த ஊர் ஜப்பான். அங்கே மழைக்காலம் தொடங்கும்போது பூக்கும். காமகுரா என்ற பழைய நகரத்தில் மெய்கெட்சு-இன் என்று ஒரு புத்த கோயில். மழை நாளில் அந்தக் கோயில் படிக்கட்டின் இரண்டு பக்கமும் நீலமாக நிற்கும் இந்தப் பூவைப் பார்க்கவென்றே சனம் குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும். இதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்றின் இலையில் இனிப்பான தேநீர் வடிப்பார்கள். ஏப்ரல் 8ஆம் தேதி, அவர்கள் புத்தர் பிறந்த நாளாகக் கொண்டாடும் அன்று, குழந்தைப் புத்தர் சிலைக்கு அந்த இனிப்பு நீரை ஊற்றுவார்கள். நாங்கள் அம்மனுக்குப் பால் ஊற்றுவதுபோல.

ஜப்பானுக்குப் போய் இந்தச் செடியை மேற்கு நாட்டு அறிவுலகத்துக்கு எழுதி வைத்தவர் கார்ல் பீட்டர் துன்பர்க் என்ற சுவீடன் நாட்டவர். தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவர். ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக ஜப்பான் போனார். அங்கிருந்து திரும்பும் வழியில் 1777இல் இலங்கைக்கு வந்து சில மாதம் தங்கி இங்கேயும் செடி சேர்த்தார். 1784இல் ஜப்பான் தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிட்டபோது இந்தச் செடியையும் அதில் சேர்த்தார். ஆனால் இதை வேறொரு செடிக் குடும்பத்தின் பெயரில் பதிந்துவிட்டார். அது பின்னால் திருத்தப்பட்டது. பின்னாளில் ஒல்லாந்தர் வழியாகவே, 1823இல் நாகசாகிக்குப் போன சீபோல்ட் என்ற ஜெர்மன் வைத்தியர், தன் ஜப்பானியத் துணைவி தாகியின் பெயரை நினைத்து ஒரு வகைக்கு 'ஒட்டாக்சா' என்று பெயர் வைத்தார். நாகசாகி நகரத்தின் அடையாளப் பூ இன்றைக்கும் இதுதான்.

ஹைட்ரேஞ்சியா என்ற பெயர் கிரேக்கச் சொற்களில் இருந்து வந்தது. தண்ணீர், பாத்திரம் என்ற இரண்டு சொற்கள். தண்ணீர்க் குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் விதைக்காய் குடம்போல இருப்பதால் வைத்த பெயர். ஆனால் இந்தச் செடியை வளர்த்துப் பார்த்தவர்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். அவ்வளவு தண்ணீர் குடிக்கும். அகன்ற இலை, மெல்லிய தோல். உறிஞ்சிய தண்ணீரை வெயிலில் அப்படியே விட்டுவிடும்.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இது வந்தது ஆங்கிலேயர் மலைகளில் ஊர் கட்டிய காலத்தோடு. உதகமண்டலத்தில், கொடைக்கானலில், மூணாறில், நுவரெலியாவில், வெள்ளைக்காரன் தன் ஊர்க் குளிரைத் தேடிப் போன இடமெல்லாம் தன் ஊர்த் தோட்டத்தையும் கொண்டுபோனான். நுவரெலியாவில் இருந்து பதுளை வீதியில் போனால் ஹக்கல தாவரவியல் பூங்கா இருக்கிறது. சீதையம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பலர் அதையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். அந்தப் பூங்கா 1861இல் தொடங்கியது பூவுக்காக அல்ல. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தரும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத் தொடங்கியது. அந்த மருந்து அதிகம் தேவைப்பட்டது குளிர் மலைக்காரருக்கா? நம்மைப் போலக் குளத்தோரத்திலும் வயலோரத்திலும் இருந்தவர்களுக்குத்தான். 1934, 35இல் வந்த பெருங்காய்ச்சலைப் பற்றித் தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. சிங்கோனா போய், தேயிலை வந்து, பிறகுதான் ஹக்கல இன்றைய பூங்காவானது.

இனி நிறத்துக்கு வருவோம். அதில்தான் நம் மண்ணைப் பற்றிய பாடமே இருக்கிறது.

பின்வரிசைப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி. பாசிச்சாயத் தாளை எலுமிச்சம் புளியில் தோய்த்தால் என்ன நிறம்? சிவப்பு. சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்தால்? நீலம். சரி. ஹைட்ரேஞ்சியா இதற்கு நேர்மாறு. புளிப்பு மண்ணில், அதாவது அமில மண்ணில், நீலமாகப் பூக்கும். காரம் கூடிய மண்ணில் ரோசா நிறமாகப் பூக்கும். ஒரே செடியின் கன்றை இரண்டு வீட்டில் நட்டால் இரண்டு நிறம் வரலாம். ஏன்?

காரணம் அலுமினியம். சட்டி பானை செய்யும் அதே அலுமினியம் மண்ணில் எங்கும் இருக்கிறது. ஆனால் களிமண்ணோடு இறுகிப் பூட்டிக் கிடக்கிறது. மண்ணின் பீஎச் பெறுமானம் ஐந்து, ஐந்தரை என்று இறங்கினால் அந்தப் பூட்டு திறந்து அலுமினியம் தண்ணீரில் கரைகிறது. வேர் அதைக் குடிக்கிறது. தண்டு வழியாகப் பூவுக்குப் போய், அங்கே இருக்கும் டெல்பினிடின் என்ற நிறப்பொருளோடு சேர்ந்து நீலமாகிறது. பீஎச் ஆறரைக்கு மேலே போனால் அலுமினியம் மறுபடி பூட்டிக்கொள்கிறது. அப்போது அதே நிறப்பொருள் தன் சொந்த ரோசா நிறத்தைக் காட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஊதா. வெள்ளைப் பூ வகையில் இந்த நிறப்பொருளே இல்லை. அதற்கு என்ன போட்டாலும் நீலம் வராது. துருப்பிடித்த ஆணியை வேரடியில் புதைத்தால் நீலமாகும் என்று சொல்வார்கள். இரும்புக்கு அந்த வேலை தெரியாது. அலுமினியத்துக்குத்தான் தெரியும்.

அலுமினியம் பெரும்பாலான பயிர்களின் வேருக்கு நஞ்சு. அதைத் தாங்கி, இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடிகள் சிலதான். ஹைட்ரேஞ்சியா ஒன்று. இன்னொன்று தேயிலை. தேயிலைத் தோட்டத்து வேலியில் இந்தப் பூ அவ்வளவு நீலமாக நிற்பது தற்செயல் அல்ல என்று இப்போது விளங்குகிறதா? தேயிலைக்கு எந்தப் புளிப்பு மண் பிடிக்குமோ அதே மண்தான் இதற்கும் பிடிக்கும். லண்டனில் நீலச் செடி வாங்கி நட்ட மகள் இரண்டாம் வருடம், "அம்மா, பூ ரோசாவா மாறிட்டு" என்று சொல்வாள். அந்த நகரத்துக் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்பு நிறைந்த தண்ணீர்.

மலை மண் ஏன் புளிப்பாக இருக்கிறது? மழைதான். ஆயிரமாயிரம் வருடமாக இரண்டு பருவ மழையும் அந்தச் சரிவுகளைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. கல்சியம், மக்னீசியம் போன்றவை தண்ணீரோடு இறங்கிப் போய்விடுகின்றன. இறங்காத அலுமினியமும் இரும்பும் மிஞ்சுகின்றன. இறங்கிப் போனவை எங்கே போகின்றன? நுவரெலியாவில் பெய்யும் மழை நானு ஓயாவில் விழுந்து, கொத்மலை ஓயாவோடு சேர்ந்து மகாவலியில் கலக்கிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி எங்கே வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கொட்டியாரக் குடாவுக்கு வருகிறது. அதன் ஒரு கைதான் நம் வெருகல் ஆறு. அல்லைக் குளத்து வயல்களுக்குப் பாயும் தண்ணீரில் அந்த மலையின் சாறு இருக்கிறது. வெள்ளத்துக்கு வெள்ளம் அந்த ஆறு படியவிட்ட வண்டல்தான் நம் நெல்லுக்குச் சோறு போட்டது. மலை எதை இழந்ததால் அங்கே பூ நீலமாகிறதோ, அதில் ஒரு பங்கை நாம் பெற்றிருக்கிறோம். நம் மண்ணில் இந்தச் செடி மஞ்சளாவதற்கு நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. வண்டல் மண் நெல்லுக்கு வளம். புளிப்பு மண் தேயிலைக்கு வளம்.

இன்றைக்கே வீட்டுக்குப் போய் ஒன்று செய்யுங்கள். உங்கள் கேத்தலின் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அது உங்கள் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு. அந்தத் தண்ணீரைத்தான் செடிக்கும் ஊற்றுகிறீர்கள். கேத்தலில் படிவது மண்ணிலும் படிகிறது. மண்ணின் காரம் கூடக் கூட, இரும்புச் சத்து கரையாமல் போகிறது. அதனால்தான் புது இலையில் நரம்பு மட்டும் பச்சையாகவும், நரம்புக்கு இடையில் மஞ்சளாகவும் வருகிறது. யூரியா போட்டால் அது மாறாது. தண்ணீரை மாற்ற வேண்டும்.

நான் சொல்வதைக் கேட்ட பிறகும், "பரவாயில்லை மாஸ்டர், எனக்கு இந்தப் பூதான் வேண்டும்" என்று சொல்கிறவர்கள் இருப்பீர்கள். ஆசையை நான் தடுக்கமாட்டேன். நானே வளர்த்திருக்கிறேன். எப்படி என்று சொல்கிறேன்.

நிலத்தில் நடவேண்டாம். சாடியில் வையுங்கள். அடியில் ஓட்டை பெரிதாக இருக்கட்டும். தும்புத்தூள் இரண்டு பங்கு, நன்றாக உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு. தும்புத்தூளை முதலில் மூன்று நான்கு தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பை எடுத்துவிடுங்கள். அடுப்புச் சாம்பலைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். சாம்பல் காரம். மற்றச் செடிக்குப் போடும் பழக்கத்தில் கை தானாகப் போகும், கவனம்.

சாடியை வைக்கும் இடம்தான் எல்லாம். காலமை ஒன்பது மணி மட்டும் இளவெயில் படவேண்டும், அதன் பிறகு முழு நிழல். வீட்டின் கிழக்குத் திண்ணையோ, மாமரத்தின் கிழக்குப் பக்கமோ சரி. மேற்கே பார்த்த வாசல் இதற்கு மயானம். வைகாசியில் இருந்து ஆவணி மட்டும் வீசும் கச்சான் காற்றில் இருந்து மறைக்க ஒரு கிடுகு கட்டுங்கள். வெயிலை விட அந்தக் காய்ந்த காற்றுதான் இதைக் கொல்லும்.

தண்ணீர் கூரை மழைநீராக இருந்தால் நல்லது. மாரியில் இரண்டு பீப்பாவில் பிடித்து மூடி வையுங்கள். நுளம்பு வராமல் மூடுவது முக்கியம். மத்தியானம் இலை துவண்டிருப்பதைப் பார்த்தவுடன் வாளியோடு ஓடவேண்டாம். இந்த இலை வெயில் உச்சியில் துவளும், பின்னேரம் தானாக நிமிரும். விரலை மண்ணுக்குள் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். பின்னேரமும் நிமிராவிட்டால்தான் தாகம். தாகத்தில் செத்த செடியைவிட, பரிதாபப்பட்டு ஊற்றி ஊற்றி வேர் அழுகிச் செத்த செடியைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

பசளை விஷயத்தில் ஒன்று. வயலுக்கு வாங்கிய டீஎஸ்பி வீட்டில் மிஞ்சியிருக்கும். அதை இதற்குப் போட்டால் அதில் இருக்கும் பொசுபரசு அலுமினியத்தைப் பிடித்துக் கட்டிவிடும், நீலம் போய்விடும். கொஞ்சம் எம்ஓபி, அதாவது பொட்டாசுப் பசளை, போதும். நீலம் வேண்டுமானால் நம் கடைகளில் கிடைக்கும் சீனக்காரத்தைப் பொடித்து, நாலு லீற்றர் மழைநீருக்கு ஒரு மேசைக்கரண்டி கரைத்து, ஏற்கெனவே ஈரமான மண்ணில் ஊற்றுங்கள். மொட்டு வருமுன்னே தொடங்கி, மாதம் ஒரு தடவை, மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். சீனக்காரத்தில் அலுமினியம் இருக்கிறது. கூடினால் வேர் கருகும். ஒரு வருடம்கூட ஆகாத இளங்கன்றுக்கு இதைச் செய்யவே கூடாது. விரிந்த பூவை நிறம் மாற்ற முடியாது; அடுத்த பூவில்தான் தெரியும்.

வெட்டுவதைப் பற்றி. இந்தப் பெரிய இலை வகை, போன பருவம் வளர்ந்த பழைய தடியின் நுனியில்தான் மொட்டை வைத்திருக்கும். செடி ஒழுங்கில்லாமல் இருக்கிறதென்று கத்தியை எடுத்து மட்டமாக வெட்டினால், வருகிற பூவைத்தான் வெட்டி எறிகிறீர்கள். பூ காய்ந்த பிறகு, அதற்குக் கீழே தடித்து நிற்கும் முதல் இணை மொட்டுக்கு மேலே மட்டும் நறுக்குங்கள். கன்று பெருக்க, பூக்காத கிளையில் ஒரு சாண் துண்டு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, ஈர மணலில் குத்தி நிழலில் வைத்தால் நாலு கிழமையில் வேர் விடும். செம்பேன்போல இலைக்கு அடியில் சின்னச் சிலந்தி வந்தால் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். ஆடு மாடு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: இதன் இலையிலும் மொட்டிலும் சயனைட்டு விடும் சத்து இருக்கிறது. ஆடு கடிக்கும் உயரத்தில் வைக்காதீர்கள். குழந்தைகள் வாயில் வைக்காமல் பாருங்கள்.

இவ்வளவும் செய்தால் பூக்குமா?

உண்மையைச் சொல்கிறேன். வாங்கும்போது மலையில் இருந்து மொட்டோடு வந்த செடி அந்தப் பூவை இங்கே விரிக்கும். கார்த்திகை, மார்கழி, தை மாத மழைக் குளிரில் வடிவாகவே நிற்கும். அதன் பிறகு செழிப்பாக இலை விடும். அடுத்த பூ வராது. ஏனென்றால் இந்தச் செடி பூ மொட்டுக் கட்டுவதற்கு ஏறத்தாழ 18 பாகைக்குக் குறைந்த குளிர் ஆறு கிழமையாவது தொடர்ந்து வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். நமக்கு மார்கழி இரவில்கூட அந்தக் குளிர் இல்லை. மண்ணை மாற்றலாம், தண்ணீரை மாற்றலாம், நிழல் கட்டலாம். மலையின் இரவை இங்கே கொண்டுவர முடியாது. கனடாவில் வளரும் வேறு வகைகளில் சில புதுத் தளிரிலேயே பூக்கும். அவற்றுக்கோ இதைவிடக் கடுமையான பனிக்கால உறக்கம் வேண்டும்.

நான் முதல் விடுமுறைக்கு வந்தபோது மலையில் இருந்து ஒரு கன்று கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதைப் பெற்ற பிள்ளைபோல வளர்த்தா. கிணற்றுத் தண்ணீரை மூன்று நாள் வாளியில் வைத்துத் தெளியவிட்டு ஊற்றுவா. இரண்டு வருடம் இலை இலையாகத் தழைத்தது. ஒரு மொட்டு இல்லை. "மகன், இதைத் திருப்பிக் கொண்டுபோய் அங்கேயே நட்டுவிடு. இது ஊரை நினைச்சுக்கொண்டு நிக்குது" என்று சொன்னா. கொண்டுபோய் நட்டேன். அடுத்த வருடம் பூத்தது. படம் எடுத்துக் கொண்டுவந்து காட்டியபோது அம்மா கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தா.

ஊரை நினைத்துக்கொண்டு நிற்பதைப் பற்றி இந்த ஊரில் நின்று நான் அதிகம் பேசத் தேவையில்லை. 2006இல் சம்பூரில் இருந்து இடம்பெயர்ந்த சனம் இங்கே கிளிவெட்டி முகாமில் எத்தனை வருடம் தகரக் கொட்டிலில் இருந்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நீங்கள். அந்தக் கொட்டில் வாசல்களில் மாப்பேணியில் பட்டிப்பூவும் துளசியும் வைத்திருந்தார்கள். நாளைக்கு எழும்பிப் போகலாம் என்ற நினைப்போடு இருப்பவர்கள் பேணியில் நடுவார்கள், நிலத்தில் நடமாட்டார்கள். ஆனாலும் நட்டார்கள்.

இப்போது மேசையின் மற்றப் பக்கத்தைப் பாருங்கள். ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டியிருப்பவை வெட்சிக் கன்றுகள். நாம் எக்சோறா என்று சொல்வோமே, அதேதான். இதுவும் உருண்டைக் கொத்து. நூறு சின்னப் பூ சேர்ந்து ஒரு பூவாக நிற்பது. இதற்குக் குளிர் வேண்டாம். இலங்கையும் தென்னிந்தியாவும் இதன் பிறந்த வீடு. நம் பழைய தமிழில் பசுக் கவரப் போகும் வீரர் சூடிய பூ இது. தொல்காப்பியத்தில் ஒரு திணைக்கே இதன் பெயர். முருகனுக்கு உகந்த பூ. வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலுக்கு நடந்து போகும் சனம் கையில் கொண்டுபோக இதைவிடப் பொருத்தமான பூ வேறு எது?

இதை நாம் மதிப்பதில்லை. வேலியோரம் கிடக்கிற பூ என்று நினைக்கிறோம். இதையும் காரத் தண்ணீரும் சாம்பலும் போட்டு மஞ்சளாக்கி வைத்திருக்கிறோம். வெட்சிக்கும் புளிப்பு மண்தான் பிடிக்கும். ஹைட்ரேஞ்சியாவுக்கு நான் சொன்ன தும்புத்தூள், கூட்டெரு, மழைநீர், சாம்பல் போடாமை எல்லாவற்றையும் அப்படியே இதற்குச் செய்து பாருங்கள். நிழலை மட்டும் விட்டுவிடுங்கள். இது வெயிலில் பூக்கும். சிமெந்துச் சுவரை ஒட்டி நடாதீர்கள். சுவரில் இருந்து கரையும் சுண்ணாம்பும் வேருக்குத்தான் போகும். மூன்று அடி தள்ளி நடுங்கள். பூ வாடியதும் கொத்தை நறுக்கிவிட்டால் அடுத்த கொத்து வரும். இதில் பழைய தடி, புதுத் தடி என்ற பயமில்லை. மலைப்பூவுக்குக் காட்ட நினைத்த அதே கவனத்தில் பாதியை இதற்குக் காட்டினால், வருடம் முழுக்க வாசலில் சிவப்பு நிற்கும்.

இன்னொரு வேலை. உங்கள் கமநல சேவை நிலையத்துக்குப் போகும்போது விவசாயப் போதனாசிரியரிடம் மண் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். வயல் மண்ணுக்கு மட்டுமல்ல, வீட்டு முற்றத்து மண்ணுக்கும் கேளுங்கள். ஒரு சிரட்டை மண்தான் வேண்டும். ஐந்து ஆறு இடத்தில் ஒரு சாண் ஆழத்தில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்திக் கொண்டுபோங்கள். பூக்கன்றுக்குக் கொடுக்கும் காசில் சிறு பங்கு அதற்குச் செலவானாலும், அதன் பிறகு எந்தக் கன்று வாங்குவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இந்த ஹைட்ரேஞ்சியாவை நாளைக்கு நான் திருப்பிக் கொண்டுபோகிறேன். எழுந்து வந்து பூவைத் தொட்டுப் பார்த்த அம்மா மன்னிக்க வேண்டும். வெட்சிக் கன்று நாற்பது இருக்கிறது. வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது புரட்டாதி, குழியை இன்றைக்கே வெட்டி, கூட்டெருவைப் போட்டு மூடி வையுங்கள். ஐப்பசியில் முதல் மழை விழுந்து நிலம் நனைந்த மறுநாள் நடுங்கள். ஆடு கடிக்காமல் ஒரு வருடத்துக்கு முள் அடைத்துப் பாருங்கள்.